மேற்கே ஒரு மழை, கிழக்கே ஒரு மழை

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் ஐப்பசி மழை இறங்கியதும், வனத்துறை அனுமதியோடு ஓடைப் பாறைகளைப் பார்க்கப் போவேன். தண்ணீர் அறைந்துகொண்டு ஓடும் இடத்தில்தான் ஊதாத் தவளையின் தலைப்பிரட்டைகள் இருக்கும். வாயே உறிஞ்சும் உறுப்பு; அதனால் பாறையைக் கவ்விக்கொண்டு, மேலே படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். என்ன வேகம் வந்தாலும் பிடி விடாது!

வளர்ந்த தவளையைக் காண்பது அரிது. கூர்மூக்கும் உப்பிய உடலுமாக மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் சில நாள் மேலே வரும். இதன் தூரத்துச் சொந்தங்கள் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன.

கேரளப் பக்கத்து ஊதாத் தவளையை 2003-இல் ஆய்வாளர்கள் பிஜுவும் பொசுயிட்டும் உலகுக்கு அறிவித்தார்கள். அது தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முட்டையிடும். இங்கே கிழக்குச் சரிவில் இருப்பது தனி இனம் என்று 2017-இல் விவரிக்கப்பட்டது; மறைந்த ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் பெயரைச் சூட்டினார்கள். பொருத்தமான மரியாதை. இந்த இனத்தின் தலைப்பிரட்டைகள் வளர்வது வடகிழக்குப் பருவமழையில்.

ஓடையை மறித்துத் தடுப்பணை கட்ட வேண்டும் என்று யார் பேசினாலும் இந்தப் பாறைகளைக் காட்டத்தான் ஆசைப்படுகிறேன். தேங்கிய நீர் இந்தக் குஞ்சுகளுக்கு வீடாகாது.