துப்பாக்கி உரிமையும் ஐயுற்றோர் உள்ளமும்

பொதுப் பிரச்சினை யாதாயினும் அதுபற்றிக் கருத்துக் கொள்வோர் மூவகைப்படுவர். உடன்பட்டோர், மறுப்போர், இன்னும் துணியாதோர் என்போர் அம்மூவகையினராவர். முதலிரு வகையினரும் தத்தம் அணியினரோடு பேசி மகிழ்வர். அப்பேச்சினால் நாட்டின் முடிவு பெரிதும் மாறுவதில்லை. முடிவைத் தருவோர் மூன்றாம் வகையினரே. ஆயினும், மேடையிலும் ஏட்டிலும் நிகழும் வாதங்களுட் பெரும்பாலானவை இவர்களை நோக்கி எழுவனவல்ல. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டவல்லது, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை பற்றியும், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விசாரிக்கும் சட்டம் பற்றியும் ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் விவாதமாகும்.

அவ்விவாதம் வெறுஞ் சொற்போர் அன்று. 2021ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நாட்டிலே துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டோர். 20,958 பேர் கொலையுண்டோர். துலாக்கோலின் ஒரு தட்டில் இவ்வுயிர்கள் நிற்கின்றன. மறு தட்டில், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடிமக்கள் தமக்குரியதெனப் போற்றிவரும் உரிமை நிற்கின்றது.

சட்டத்தின் வரலாறு

1791ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம், ஒழுங்குபட்ட குடிப்படையின் இன்றியமையாமையைக் கூறி, மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை மீறப்படலாகாது என விதித்தது. அவ்வுரிமை குடிப்படைக்கே உரியதா, தனிமனிதர் ஒவ்வொருவர்க்கும் உரியதா என்னும் வினா நெடுநாள் நிலவிற்று. 2008ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், நீதிபதிகள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, அது தனிமனிதர்க்குரிய உரிமையே எனத் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, அவ்வுரிமை வரம்பற்றதன்று என்றும், பெருங் குற்றவாளிகளுக்கும் சித்த சுவாதீனமற்றோர்க்கும் ஆயுதத்தை மறுக்கும் நெடுங்காலச் சட்டங்கள் அத்தீர்ப்பினால் ஐயத்துக்குள்ளாக மாட்டா என்றும் கூறிற்று. இரு அணியினரும் தத்தமக்கு உவந்த பாதியையே எடுத்தோதுதல் வழக்கமாயிற்று.

தகுதியற்றோர் யாவர் என வரையறுத்தது 1968ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும், வாங்குபவர் தாம் அவ்வகையினர் அல்லர் எனப் படிவமொன்றில் ஒப்பமிட்டாற் போதும் என்ற நிலையே நாட்டின் பெரும்பகுதியில் இருந்தது. பொய்யுரைப்போனைக் கண்டறியும் பொதுவழி யாதும் இருக்கவில்லை. 1981 மார்ச் 30ஆம் நாள் ஜனாதிபதி றொனால்ட் றேகன் சுடப்பட்டபோது, அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிறேடி தலையிற் குண்டு பாய்ந்து நிலையான ஊனமுற்றார். அவரும் அவர் மனைவி சாறா பிறேடியும் ஆண்டுக்கணக்காக முயன்றதன் பயனாக, அவர் பெயராலேயே வழங்கும் சட்டம் 1993 நவம்பர் 30ஆம் நாள் ஜனாதிபதி கிளின்ரனின் ஒப்பம் பெற்றது.

முதலில், கைத்துப்பாக்கி வாங்குவோர் ஐந்து நாள் காத்திருக்க வேண்டுமென்றும், உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி விசாரிக்க வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. உள்ளூர் அதிகாரிகளுக்குச் சமஷ்டி அரசு இவ்வாறு கட்டளையிடலாகாது என 1997இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1998 நவம்பர் 30 முதல் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் நடத்தும் உடனடி விசாரணை முறை நடைமுறைக்கு வந்தது. அனுமதிப்பத்திரம் பெற்ற வணிகர் தொலைபேசி வாயிலாகவோ கணினி வாயிலாகவோ வாங்குபவரின் பெயரை அறிவிப்பர். பெரும்பாலும் சில நிமிடங்களில் மறுமொழி கிடைக்கும். மூன்று வேலைநாட்களுள் முடிவு வாராதாயின், சமஷ்டிச் சட்டப்படி வணிகர் விற்கலாம். வணிகத் தொழில் புரியாத ஒருவர் தம் மாநிலத்தைச் சேர்ந்த மற்றொருவருக்கு விற்பதாயின் அச்சட்டம் விசாரணையை வேண்டுவதில்லை. சில மாநிலங்களே இவ்விடைவெளியைத் தத்தம் சட்டங்களால் அடைத்துள்ளன. இன்றைய விவாதம் பெரும்பாலும் இவ்விடைவெளி பற்றியதே.

பேராதரவும் சிறு வெற்றியும்

எல்லா விற்பனைகளுக்கும் விசாரணை வேண்டுமா எனக் கருத்துக்கணிப்பாளர் வினவும்போதெல்லாம் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் வேண்டுமென்றே விடையிறுத்து வந்துள்ளனர். எனினும், அதே வினா சர்வசன வாக்கெடுப்புக்கு வந்தபோது நிகழ்ந்தது வேறு. வாசிங்டன் மாநிலத்தில் 2014ஆம் ஆண்டில் நூற்றுக்கு 59 பேர் ஆதரித்தனர். நெவாடாவில் 2016இல் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளாலேயே அது வென்றது. வென்றும் நடைமுறைக்கு வரவில்லை. 2019இல் மாநிலச் சட்டசபை புதிய சட்டம் இயற்ற நேர்ந்தது. மெயின் மாநிலத்தில் அதே 2016இல் அது தோல்வியுற்றது.

ஆதரவு இவ்வாறு சுருங்குவதன் காரணம் யாது? கருத்துக்கணிப்பின் வினா பொதுவானது. சட்டத்தின் வாசகமோ சிறப்பானது. தீயோர் கையில் துப்பாக்கி சேரலாமா என்று வினவினால் ஆகாதென்பதில் எவர்க்கும் தயக்கமில்லை. வேட்டைப் பருவத்தில் அயலவருக்கு ஒரு துப்பாக்கியை இரவல் கொடுக்கலாமா, அதற்கும் கடைக்குச் சென்று விசாரணை செய்விக்க வேண்டுமா என்ற வினா எழும்போது, வேட்டை மரபு வேரூன்றிய மெயின் போன்ற நாட்டுப்புறத்து மனிதர் தயங்குகின்றார். அத்தயக்கம் அறியாமையின் விளைவன்று. விடை பெறாத ஒரு வினா அவர் உள்ளத்தில் நிற்கின்றது. அவ்வினாவுக்கு விடை கூறாது மாண்டோர் தொகையை மீண்டும் மீண்டும் கூறுதல், பசித்தவனுக்குப் போர்வை அளித்தலை ஒக்கும்.

பரபக்கமும் சுபக்கமும்

இத்தகைய தயக்கத்தை எதிர்கொள்ளும் நெறி தமிழ்த் தருக்க மரபிற்குப் புதியதன்று. அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. பிறர் கொள்கைகளை முதலில் எடுத்துரைத்து, அவற்றை ஆராய்ந்து மறுத்து, அதன் பின்னரே தம் கொள்கையை நிறுவுதல் அந்நூலின் முறை. துணியாதோர் முன் வாதிப்பார்க்கு இம்முறையே பெரிதும் பொருந்தும். துணியாதவர் உள்ளத்தில் இரு பக்கமும் முன்னரே குடிகொண்டுள்ளன. எதிர்ப்பக்கத்தைத் திரித்துரைப்பவர், அவருள்ளத்தின் ஒரு பாதியைப் பழித்தவராவர்.

விசாரணையை விரிவாக்குதலை மறுப்போர் கூற்றுக்களுள் வலிமை வாய்ந்தவை மூன்று. சட்டத்துக்கமைய வாழ்பவர், தமக்குரிய உரிமையைப் பயன்படுத்த ஏன் அனுமதி பெறவேண்டும் என்பது ஒன்று. விசாரணை பதிவேடாக வளரும், பதிவேடு பறிமுதலுக்கு வழிகாட்டும் என்பது மற்றொன்று. குற்றவாளிகள் கடையில் வாங்குவதில்லை என்பது மூன்றாவது. இறுதிக் கூற்றுக்குச் சான்றும் உண்டு. அந்நாட்டு நீதித் திணைக்களம் சிறைக்கைதிகளிடையே 2016இல் நடத்திய ஆய்வின்படி, குற்றம் புரிந்தபோது துப்பாக்கி வைத்திருந்தோருள் நூற்றுக்கு 43 பேர் கள்ளச் சந்தையிலும் தெருவிலும் அதனைப் பெற்றனர். துப்பாக்கிக் கண்காட்சிகளிற் பெற்றோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இவற்றைக் கேட்டபின் ஆதரிப்போர் கூறத்தக்க விடைகளும் உள. வாக்காளர் பதிவு, நீதிமன்ற ஆணைபெற்ற சோதனை முதலிய பிற துறைகளிலும் உரிமையும் ஒழுங்கும் ஒருங்கே நிற்கின்றன. பதிவேட்டைப் பொறுத்தவரை, சமஷ்டி அரசு துப்பாக்கிப் பதிவேடு அமைத்தலை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது; விசாரணையில் தேறியவரைப் பற்றிய பணியகக் குறிப்புகள் இருபத்துநான்கு மணி நேரத்துள் அழிக்கப்படல் வேண்டும். கள்ளச் சந்தைத் துப்பாக்கியும் தொடக்கத்திற் பெரும்பாலும் கடையில் விற்கப்பட்டதே. விசாரணையின்றிக் கைமாறும் வழியே அது தெருவை அடைகின்றது. அவ்வழியை ஒடுக்குதலே விரிவாக்கத்தின் நோக்கம். 1994 முதல் 2015 வரை விசாரணையால் மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் ஏறத்தாழ முப்பது இலட்சம். விசாரணை முடிவதற்குள் மூன்று நாட்கள் கழிந்தமையால் துப்பாக்கி பெற்ற ஒருவனே 2015இல் சாள்ஸ்ரன் நகரத் தேவாலயத்தில் ஒன்பதின்மரைக் கொன்றான்.

எதிர்ப்பக்கத்தின் அச்சத்தைச் சட்ட வாசகத்திலேயே இடம்பெறச் செய்த முயற்சி ஒன்று உண்டு. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலப் பாடசாலையொன்றில் இருபது பிள்ளைகளும் வளர்ந்தோர் அறுவரும் கொல்லப்பட்டபின், மான்சின், ரூமி என்னும் செனற் சபையினர் இருவர் திருத்தமொன்றைக் கொணர்ந்தனர். இருவரும் துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் உயர்ந்த மதிப்பீடு பெற்றவர்கள். கண்காட்சி விற்பனைக்கும் விளம்பர விற்பனைக்கும் விசாரணையை விரிவாக்கிய அத்திருத்தம், உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்தலுக்கு விலக்களித்தது. பதிவேடு அமைக்க முனையும் அதிகாரிக்குப் பதினைந்து ஆண்டு வரை சிறையும் விதித்தது. 2013 ஏப்ரல் 17ஆம் நாள் 54 பேர் ஆதரித்தும் 46 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். அறுபது வாக்குகள் வேண்டியிருந்தமையின் அது வீழ்ந்தது. சிறந்த வாதமும் எப்பொழுதும் வெல்வதில்லை என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

எண்களின் நேர்மை

ஐயுற்றோரை இழக்கும் விரைவான வழி, எண்ணை மிகைப்படுத்தலாகும். துப்பாக்கிகளுள் நூற்றுக்கு நாற்பது விசாரணையின்றி விற்கப்படுகின்றன என்பது 2013இல் ஆதரிப்போர் பலரும் கூறிய எண். அது 1994இல் சிறு தொகையினரிடம் எடுத்த கணிப்பிலிருந்து பெறப்பட்டது. 2015இல் எடுத்து 2017இல் வெளியான விரிந்த கணிப்பு, அண்மையில் துப்பாக்கி பெற்றோருள் நூற்றுக்கு 22 பேரே விசாரணையின்றிப் பெற்றனர் எனக் காட்டிற்று. ஐந்திலொன்று என்பதே சிந்திக்கத்தக்க அளவு. அதனை இரட்டித்துக் கூறியமை, எதிரணியினர் ஏனைய உண்மைகளையும் ஐயுறுதற்கு வாயிலாயிற்று.

பயன்பற்றிய ஆராய்ச்சியும் அவ்வாறே எடுத்துரைக்கத்தக்கது. கலிபோர்னியாவில் 1991 முதல் நடைமுறையிலுள்ள முழு விசாரணைச் சட்டம் அடுத்த பத்தாண்டுகளிற் கொலைத் தொகையைக் குறைத்ததாக ஆராய்ச்சியாளர் காணவில்லை. வாங்குவதற்கு முன் நேரிற் சென்று அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமெனக் கனெக்டிகட் மாநிலம் 1995இல் விதித்தபின் துப்பாக்கிக் கொலைகள் குறைந்தன. அத்தகைய சட்டத்தை மிசூரி மாநிலம் 2007இல் நீக்கியபின் அவை கூடின. விசாரணை மாத்திரம் போதாது, அதனைச் செயற்படுத்தும் ஒழுங்கும் வேண்டும் என்பதே இவற்றாற் பெறப்படுவது. இவ்வளவே சான்று எனக் கூறுபவரின் சொல்லுக்கு, எல்லாம் தீரும் என உறுதியளிப்பவரின் சொல்லினும் மதிப்பு மிகுதி.

சொல்வோர் யார் என்பது

சொல்லின் பொருளோடு சொல்வோரின் நிலையும் கேட்போரால் நிறுக்கப்படும். 1991இல் பிறேடி மசோதாவை ஆதரித்து றேகன் பத்திரிகையில் எழுதியபோது, அவர் குண்டுபட்டவர் என்பதனோடு துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் உறுப்பினர் என்பதும் அக்கட்டுரைக்கு வலிமை தந்தது. நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில், ஒரே கடையில் வாங்கிய துப்பாக்கிகளால் ஒரு வாரத்துள் மூவர் தற்கொலை செய்துகொண்டமை 2009இல் அறியப்பட்டபின், துப்பாக்கி வணிகரும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒன்றுகூடி, மனமுடைந்த வாடிக்கையாளரை இனங்காணும் வழிகளைக் கடைகளுக்கு அறிவித்தனர். சட்டம் எட்டாத இடத்தை நம்பிக்கைக்குரியோர் சொல் எட்டிற்று. இழிசொல்லோ இதற்கு நேர்மாறான பயனை விளைக்கும். துப்பாக்கி உடையோரைக் கொலைக்கு உடந்தையானோர் என்றலும், விசாரணையை வேண்டுவோரைக் கொடுங்கோலரின் ஏவலர் என்றலும், அருகே நின்று கேட்கும் துணியாதவரை வாயிலுக்கு வெளியே அனுப்பிவிடும்.

முடிவுரை

2022 மே மாதத்தில் ரெக்சாஸ் மாநில யுவால்டி நகரிலே பத்தொன்பது பிள்ளைகளும் ஆசிரியர் இருவரும் கொல்லப்பட்டபின், அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் ஒரு சட்டம் நிறைவேறிற்று. இருபத்தொரு வயதுக்குட்பட்ட வாங்குநரின் இளமைக்காலப் பதிவுகளை ஆராயவும், வேண்டுமாயின் பத்து வேலைநாள் வரை காத்திருக்கவும் அது வழிசெய்தது. செனற் சபையில் அதற்குக் கிடைத்த 65 வாக்குகளுள் பதினைந்து எதிர்க்கட்சியினருடையவை. எல்லா விற்பனைக்கும் விசாரணை என்பது அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. இருசாராரும் ஒப்பிய அளவே இடம்பெற்றது.

துணியாதோர் தூங்குவோர் அல்லர். தராசை ஏந்தி நிற்போர். அவர்தம் தட்டிற் பொய்யெடை இடுவோர் ஒருமுறை வெல்லினும் மறுமுறை நம்பப்படார். எதிர்க்கூற்றை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்து, தம் சான்றின் எல்லையை மறையாது காட்டி, கேட்போரின் சிறப்பு வினாவுக்கு நேர்விடை கூறுவோரே, உயிரும் உரிமையும் ஒருங்கே காக்கப்படுதற்குரிய வழியைத் திறப்போராவர்.