மிச்சம் யாருடையது?

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் கீத் ஹே பூங்கா இருக்கிறது. த்ரீ கிங்ஸ் யுனைடெட் கால்பந்துச் சங்கம், ட்ரை ஸ்டார் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் என்று பிள்ளைகள் ஆடிப் பழகும் இடங்கள் அங்கே உண்டு. இத்தகைய சங்கம் லாபநோக்கற்றது என்பதால், ஆண்டு முடிவில் கணக்கில் பணம் மிஞ்சினால் பெற்றோருக்குச் சந்தேகம் வருகிறது: சந்தாவை அதிகமாக வாங்கிவிட்டார்களோ? நியூசிலாந்தின் 2022ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் தடுப்பது, உறுப்பினர்களின் பண லாபத்துக்காகச் சங்கம் நடத்துவதைத்தான். மிச்சம் பிடிப்பதை அது தடுக்கவில்லை. சொல்லப்போனால், மிச்சம் பிடிக்காத சங்கம்தான் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்கிறது.

ஜிம்னாஸ்டிக்ஸ் தளத்தையே எடுத்துக்கொள்வோம். மெத்தைகளும் கம்பிகளும் ஒரே நாளில் பழுதாவதில்லை. ஒவ்வொரு குதிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. ஒரு பேச்சுக்கு, அவற்றின் விலை 60,000 டாலர், ஆயுள் 12 ஆண்டு, பிள்ளைகள் 250 பேர் என்று வைப்போம். ஆண்டுக்கு 5,000 டாலர், தலைக்கு 20 டாலர் தேய்மானம். யாரும் பில் அனுப்பாத செலவு இது. அதை ஒதுக்காமல் சந்தாவைக் குறைத்தால் பதினோரு ஆண்டுகள் எல்லாரும் மகிழ்வார்கள். பன்னிரண்டாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளையின் தலையில் 240 டாலர் விழும். முன்னே ஆடிப்போனவர்கள் தேய்த்ததற்கும் அவனே கட்ட வேண்டும். கோயில் குடமுழுக்குக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நிதி சேர்ப்பதன் நியாயம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆகவே ஓராண்டுக் கணக்கை மட்டும் பார்த்துச் சங்கத்தை எடைபோடக் கூடாது. பத்தாண்டுக் கணக்குகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

மானியம் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். ஆனால் நியூசிலாந்தில் விளையாட்டு மானியத்தின் கணிசமான பங்கு, மதுக்கூடங்களில் உள்ள 'போக்கி' சூதாட்ட இயந்திரங்களிலிருந்து வருகிறது. பரிசு போக மிஞ்சுவதில் குறைந்தது சுமார் 40 விழுக்காடு சமூகப் பணிகளுக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தால் அந்த இயந்திரங்கள் நின்றபோது இந்த ஊற்றும் நின்றது. ஆக்லாந்து மாநகராட்சியும் புதிய இயந்திரங்களுக்கு அனுமதி தருவதில்லை. அது சரியான முடிவுதான். வசதி குறைந்த குடும்பங்கள் இழக்கும் பணத்தில் அதே குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கித் தருவதை நிலையான வருமானமாக எண்ணுவது வேதனையானது.

தேய்மானத்தையும் சந்தாவில் சேர்த்தால் ஏழைப் பிள்ளைகள் வெளியே நிற்பார்களே என்ற கேள்வி கனமானது. ஆனால் ஆண்டுக்கு 20 டாலரைத் தவணையாகக் கட்ட விடலாம். முடியாதவர்களுக்குக் கையிருப்பிலிருந்தே தள்ளுபடி கொடுக்கலாம். கையிருப்பே இல்லாத சங்கத்தின் பொருளாளர், கட்ட முடியாமல் வந்து நிற்கும் தாயிடம் எதைச் சொல்வார்?