உங்களுக்குத் தெரியுமா? ‘நெகட்டிவ்’ வந்தாலும் எலிக்காய்ச்சல் இருக்கலாம்!

அமெரிக்காவில் உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய்க்கும், பெரார்கஞ்ச் உள்ளிட்ட அந்தமான் பகுதிகளின் எலிக்காய்ச்சலுக்கும் காரணம், சுருள் வடிவ பாக்டீரியாக்கள்தான். 1929-லேயே அந்தமானில் எலிக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. பிறகு மறந்தே போனது. 1980-களின் இறுதியில், மழைக்காலம் முடியும் வேளையில் காய்ச்சலும் இருமினால் ரத்தமுமாக நோயாளிகள் வந்தபோது, காரணம் புரியாமல் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றுதான் பெயர் வைத்தார்கள். அதுவும் எலிக்காய்ச்சல்தான் என்று 1990-களில் போர்ட் பிளேரின் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் உறுதிசெய்தது.

எலிக்காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தேடுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. அது தலைகாட்டவே ஐந்தாறு நாள் ஆகும். காய்ச்சல் வந்த மறுநாளே எடுத்த ரத்தத்தில் ‘நெகட்டிவ்’ வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. ஓரிரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்காகியிருந்தால் நோய் உறுதி. இன்னொரு கூத்து: குணமான பிறகும் மாதக்கணக்கில் ‘பாசிட்டிவ்’ காட்டும். லைம் நோயிலும் இதே கதைதான்.

அதனால் மருத்துவர்கள் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதில்லை. வயலில், சேற்றில் வெறுங்காலோடு நின்றவரா, கால் புண்ணில் தேங்கிய நீர் பட்டதா என்று கேட்டுவிட்டு, சந்தேகம் வந்தாலே டாக்ஸிசைக்ளின் தொடங்குகிறார்கள். முற்றினால் பெனிசிலின் ஊசி. சிறுநீரகம் பாதித்தவர்களுக்குச் சில நாள் டயாலிசிஸ் தேவைப்படலாம், பெரும்பாலும் சிறுநீரகம் பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். நுரையீரலில் ரத்தக்கசிவு என்றால் உயிருக்கே ஆபத்து. அலுப்பும் கெண்டைக்கால் வலியும் போகச் சில வாரம் ஆகலாம்.