திடல் இல்லாத கல்லூரியிலிருந்து ஓடி வந்தவர்

"திடலே இல்லையே ஐயா, பிள்ளை எங்கே போய் ஓடிப் பழகுவான்?" என்று தோட்டத்துப் பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். திடல் இல்லாத கல்லூரியில் படித்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

பெயர் எட்வின் மோசஸ். அமெரிக்காவில் டேட்டன் நகரில் 1955இல் பிறந்த கறுப்பினத்தவர். தாயும் தகப்பனும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அட்லாண்டா நகரத்து மோர்ஹவுஸ் கல்லூரியில் அவருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது ஓட்டத்துக்காக அல்ல, படிப்புக்காக. பௌதிகம் படித்தார். கல்லூரிக்குச் சொந்தமாக ஓட்டத் திடல் கிடையாது. ஊரிலுள்ள உயர்நிலைப் பள்ளித் திடல்களைத் தேடிப் போய்ப் பழகினார்.

அவர் பிடித்தது 400 மீட்டர் தடை ஓட்டம். திடலை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் 10 தடைகளைத் தாண்ட வேண்டும். ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர். ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 35 மீட்டர். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மற்றவர்கள் முதலில் நீள எட்டு வைப்பார்கள். களைப்புத் தட்டியதும் 14, 15 என்று எட்டு கூடும், கால் மாறும், வேகம் போகும். மோசஸ் முதல் தடையிலிருந்து கடைசித் தடை வரை ஒவ்வோர் இடைவெளிக்கும் 13 எட்டுத்தான் வைத்தார். ஒற்றைப்படை என்பதால் எப்போதும் அதே கால்தான் முன்னே தாண்டும். மூச்சு முட்டும் நேரத்திலும் எட்டைக் குறைக்காமல் ஓடுவது லேசுப்பட்ட காரியமா? மரத்துக்கு மரம் எட்டு வைத்து நிரை முடிக்கிற நம் ஜனங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக். அதுதான் அவருக்கு முதல் அனைத்துலகப் போட்டி. 47.63 விநாடியில் தங்கம், உலகச் சாதனையும் கூட. உகாண்டாவின் ஜான் அக்கி-புவா 1972இல் வைத்த 47.82 உடைந்தது. உகாண்டா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் இருவரும் அங்கே மோதவில்லை. அந்தப் பந்தயத்தை நாம் பார்க்காமல் போனது நஷ்டந்தான்.

1977 ஆகஸ்டில் பெர்லினில் தோற்றார். அதன் பிறகு 1987 ஜூன் வரை தோல்வியே இல்லை. தொடர்ந்து 122 ஓட்டங்கள்! 1983இல் தம் 28ஆவது பிறந்த நாளன்று 47.02 விநாடி என்ற சாதனை வைத்தார். 1992 வரை அதை யாரும் அசைக்கவில்லை.

ஆனால் 1980இல், நல்ல உச்சத்தில் இருந்தபோது, மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. மலேசியாவும்தான். தகுதி பெற்றிருந்த நம் கால்பந்துக் குழுவும் வீட்டில் உட்கார்ந்தது. மேலே எடுத்த முடிவுக்கு வியர்வை சிந்தினவன் விலை கொடுத்தான்.

நமக்கு அவரிடம் அதிகம் பிடித்தது இன்னொன்று. ஓட்டக்காரன் காசு வாங்கினால் 'அமெச்சூர்' இல்லை என்று அந்தக் காலத்தில் தள்ளி வைப்பார்கள். டிக்கெட்டுப் பணம் யாருக்கோ, ஓடினவனுக்கு வெறும் கைத்தட்டல். உழைப்புக்குக் கூலி வேண்டாமா? வருமானத்தை அறநிதியில் போட்டு, அதிலிருந்து ஓட்டக்காரர்கள் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்காக மோசஸ் அதிகாரிகளிடம் வாதாடினார். 1980களின் தொடக்கத்தில் அது நடைமுறைக்கும் வந்தது.

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மீண்டும் தங்கம், 47.75 விநாடி. 1988இல் சோலில் மூன்றாமிடம். "வயசு 33 ஆச்சு, தளர்ந்துட்டார்" என்றார்கள். அன்று அவர் ஓடிய நேரம் 47.56. தங்கம் வாங்கிய இரண்டு ஓட்டங்களையும் விட அது வேகம்.