இரும்பு வளையத்தில் ஒரு கீறல் இடைவெளி

பண்டத்தரிப்பில் கசற் றேடியோ திருத்திக் கைதேர்ந்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார். பக்கத்திலுள்ள சின்ன ஸ்குரூவை மெல்லத் திருப்புவார். மந்தமாய்க் கேட்ட நாதஸ்வரம் தெளிந்துவிடும். தொழில் முழுதும் அறிந்தவர், ஆனால் புதிதாக எதையும் படைக்க முனையாதவர். ஆக்கவுரிமைச் சட்டம் ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் இப்படியொரு கற்பனை மனிதர் முன்தான் வைக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒன்று புதியதாக இருந்தால் மட்டும் போதாது. அத்துறையில் சாதாரண தேர்ச்சியுள்ளவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றவும் கூடாது.

தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டார்கள். வாழ்வுக்கு அது பெரிய உதவி. ஆனாலும் ஆக்கவுரிமை கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆடலோட்டத்தை டையோட்டாலும் கொண்டென்சராலும் நேரோட்டமாக்குவது நம் திருத்துநருக்குப் பழகிய வேலை.

ஹெட்டின் கதை வேறு. டென்மார்க்கின் வால்டெமார் பௌல்சன் 1898இல் உருக்குக் கம்பியில் காந்தத்தால் ஒலியைப் பதித்தார். 1928இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஃப்ளொய்மர் கம்பிக்குப் பதிலாக இரும்புத்தூள் பூசிய காகித நாடாவைக் கொண்டுவந்தார். அடிப்படை எண்ணம் பௌல்சனிடமே இருக்கிறதென்று 1936இல் ஜெர்மன் நீதிமன்றம் ஃப்ளொய்மரின் ஆக்கவுரிமையை ரத்துச் செய்தது.

அந்த நாடாவை, அப்போது ஹெட்டாக இருந்த மின்காந்தத்தின் கூர்முனை கீறிக் கிழித்தது. 1933இல் ஏஈஜி நிறுவனத்தின் எடுவார்ட் ஷுல்லர் முனையையே விட்டுவிட்டார். இரும்பை வளையமாக்கி, நுண்ணிய இடைவெளி விட்டார். நாடா அதன்மேல் வழுக்கிப் போகும். இடைவெளியில் வெளியே புடைக்கும் காந்தப்புலம் பூச்சில் ஒலியை எழுதும். கசற் நாடா செக்கனுக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. 10,000 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அதில் 5 மைக்ரோமீற்றருக்கும் குறைவான நீளத்தில் அடங்கும். இடைவெளி அதைவிடக் குறுகலாக இல்லாவிட்டால் அந்த ஒலியை மீட்க முடியாது.

இடைவெளியில் காந்தப்புலம் கசியும் என்பது தெரிந்த விஷயம்தானே என்று இன்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர் விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். மதிப்பிடுபவர் 1933க்கு முன்னே போய், கிழிந்த காகித நாடாவோடு நிற்க வேண்டும். முனையை மழுக்குவதா, அழுத்தத்தைக் குறைப்பதா, காகிதத்தைத் தடிப்பாக்குவதா என்றுதான் திருத்துநர் யோசித்திருப்பார். மோட்டாரும் டிரான்ஸ்போமரும் செய்தவர்கள் கசிவைக் குறைக்கவே பாடுபட்ட காலம் அது. அந்தக் கசிவையே எழுதுகோலாக்குவது, என் பார்வையில், அவருக்கு இயல்பாய் எட்டியிருக்காது.

அதே வளையத்தின் இடைவெளியைச் சற்றுக் குறுக்கிவிட்டு அடுத்தவர் ஒருவர் உரிமை கேட்டால், என் பதில் மாறும். மிர்சாபூர் பாத்திர உற்பத்தியாளர்களின் வழக்கில் 1978இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது அங்கே பொருந்தும்: வெறும் பட்டறைச் சீராக்கம் ஆக்கவுரிமைக்குப் போதாது.