பாட்டியின் நாற்காலிக்கு எவ்வளவு வெளிச்சம்?

பகலெல்லாம் நாற்காலியிலேயே கண்ணயரும் பாட்டி, நடுராத்திரி இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்திருக்கிறார். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அவர் பகல் கழிக்கும் அறையில் வெளிச்சம் போதுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

கண்ணுக்குப் பார்வையோடு இன்னொரு வேலையும் உண்டு. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில செல்கள் தாமாகவே வெளிச்சத்தை உணர்கின்றன. இது 2002இல்தான் உறுதியானது. மூளையில் உள்ள உடற்கடிகாரத்துக்கு 'இப்போது பகல்' என்று சேதி அனுப்புபவை இவையே. நீலம் கலந்த ஒளி இவற்றை அதிகம் தூண்டும். சேதி சரியாகப் போய்ச் சேர்ந்தால்தான் இரவில் மெலடோனின் என்ற ஹார்மோன் உரிய நேரத்தில் சுரந்து தூக்கம் வரும்.

வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, அந்த நீலத்தையே வடிகட்டிவிடுகிறது. கண்பாப்பாவும் சுருங்கிவிடுகிறது. 60 வயதில் விழித்திரைக்கு எட்டும் வெளிச்சம், 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பேத்திக்குப் பளிச்சென்று இருக்கும் டியூப் லைட், பாட்டிக்கு அந்திப்பொழுது. வெட்டவெளியில் மேகமூட்டத்திலும் ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கிடைக்கும். பல வீட்டுக் கூடங்களில் விளக்கு போட்டாலும் 100, 150ஐத் தாண்டாது. முழங்கால் வலியால் வாசலுக்கே போகாதவருக்கு அதுதான் பகல்.

நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. பெரும்பாலோர் மறதிநோயாளிகள். பாதி இல்லங்களின் கூடங்களில் கூரை விளக்குகளைக் கூட்டிப் பகல் முழுதும் ஏறக்குறைய 1,000 லக்ஸ் கிடைக்கச் செய்தார்கள், மற்றவற்றில் 300தான். வெளிச்சம் கூடிய இடங்களில் மனச்சோர்வு அறிகுறிகள் 19 சதவீதம் குறைந்தன. அறிவுத்திறனின் சரிவும் 5 சதவீதம் தணிந்தது. சிறிய அளவுதான், விளக்கு மறதிநோயைக் குணமாக்காது. அதே ஆய்வில் மெலடோனின் மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் கூடுதலாகத் தூங்கினார்கள், ஆனால் மனம் வாடி ஒதுங்கிப்போனார்கள். மாத்திரையைத் தேடும் முன் விளக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இரவுக்கு வேண்டியது நேர்மாறு. படுக்கையிலிருந்து கழிவறைவரை தரையோரம் மங்கலான மஞ்சள் விளக்கு இருந்தால் தடுக்கி விழும் அபாயம் குறையும், தூக்கமும் அதிகம் கலையாது. பகல் விளக்கும் நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது, முதிய கண்களுக்குக் கூச்சம் அதிகம். கண்புரை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாளைக் காலையிலேயே பாட்டியின் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு, திரைச்சீலையை விலக்கிவிடுங்கள்.