எண்ணைச் சுழற்றினால் கவிதை

1969 ஜனவரியில் நியூயார்க்வாசிகளுக்கு ஒரு புதிய தொலைபேசி எண் கிடைத்தது. அழைத்தால் மறுமுனையில் ஆள் பேசுவதில்லை, ஒலிநாடா ஓடும். எழுத்தாளர்களான ஆலன் கின்ஸ்பெர்க்கோ ஆன் வால்ட்மனோ வில்லியம் பர்ரோஸோ சொந்தக் குரலில் எதையாவது வாசிப்பார்கள். முடிந்தால் அவ்வளவுதான். ‘டயல்-எ-போயம்’ என்பது இந்தச் சேவையின் பெயர்.

தொடங்கியவர் கவிஞர் ஜான் ஜியோர்னோ. ஓவியர் ஆண்டி வார்ஹோல் எடுத்த ‘ஸ்லீப்’ படத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்கிக்கொண்டே இருப்பாரே, அவரேதான்! யாருடனோ தொலைபேசியில் சலிப்பான பேச்சில் மாட்டிக்கொண்டிருந்தபோது, இதற்குப் பதில் ஒரு கவிதை கேட்கலாமே என்று தோன்றியதாம். தொலைபேசியில் மணியையும் வானிலையையும் சொல்லும் பதிவுக் குரல்கள் அப்போதே புழக்கத்தில் இருந்தன.

ஒரே எண்ணுக்குப் பின்னால் பத்து இணைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு பதில்சொல்லும் கருவி. எது காலியோ அதில் போய் விழும் அழைப்பு. யார் கவிதை வரும் என்பது அழைப்பவர் கையில் இல்லை. திட்டத்தின் உயிரே இதுதான் என்பேன். கவிதை வாசிப்புக்குப் போகிறவர் பிடித்த கவிஞரைத் தேடிப் போகிறார். இங்கே பெயரே கேள்விப்படாதவர் காதோடு காதாக வாசிக்கிறார்.

அழைத்தவர்கள் யார்? காலை 9 முதல் மாலை 5 வரைதான் கூட்டம் அதிகம் என்று ஜியோர்னோ பிற்பாடு எழுதினார். அலுவலக மேசைத் தொலைபேசிகள் எதற்குப் பயன்பட்டன என்று ஊகித்துக்கொள்ளலாம். அடுத்த நெரிசல், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 8.30 முதல் 11.30 வரை. அதிகாலை 2 மணிக்கு மேல் தூக்கம் வராதவர்கள்.

கேட்டது கிடைக்காமல் கிடைத்ததைக் கேட்பதில் வம்பும் இருந்தது. சிறுவர்கள் அழைத்தால் அவர்களுக்கும் பச்சையான வரிகள் வரும், பெற்றோர் கொதித்தார்கள். 1970இல் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ‘இன்ஃபர்மேஷன்’ கண்காட்சியில் இது இடம்பெற்றபோது, கவிதைகளோடு, கறுப்பின உரிமைக்குப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் பாபி சீல் போன்றோரின் பேச்சுகளும் ஒலித்தன. எஃப்.பி.ஐ.யின் பார்வையும் இதன்மேல் விழுந்தது.

1972இல் இந்தப் பதிவுகள் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தன. நல்ல தொகுப்புதான். ஆனால் வாங்கியவர் வேண்டிய கவிதையில் ஊசியை வைக்கலாம், பிடிக்காததைத் தாண்டிவிடலாம். பாதிச் சுவை போயிற்று.